சிறு நிறுவனத்தின் உரிமை மாற்றமும் வரி ஆவணங்களும் (இந்தியா)

இந்தியாவில் ஒரு சிறு நிறுவனம் கைமாறும்போது வரித்துறையில் என்னென்ன தாக்கல் செய்ய வேண்டும் என்பது, பான் எண் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குத் தனிப் பான் உண்டு. பங்குகள் யாரிடம் போனாலும் அது மாறாது. ஒருவரே நடத்தும் தனியுரிமைக் கடைக்கு உரிமையாளரின் பான்தான். ஜிஎஸ்டி பதிவெண்ணின் 15 இடங்களில் 3 முதல் 12 வரை இருப்பது இந்தப் பான் என்பதால், கடையை வாங்கியவர் பெயர்ப்பலகையை மாற்றாமல் விட்டாலும் பழைய பதிவெண்ணில் பில் போட முடியாது.

தனியுரிமைத் தொழில்

வாங்குபவர் கைமாறிய நாள் முதல் செல்லும்படி புதிய ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். விற்றவர் தம் பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான நாள் அல்லது ரத்து ஆணையின் நாள், இவற்றில் பிந்தியதிலிருந்து 3 மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே, பலர் தவறவிடும் படி ஒன்று இருக்கிறது: ஐடிசி-02 படிவம். விற்பவரின் கணக்கில் பயன்படுத்தாமல் கிடக்கும் உள்ளீட்டு வரி வரவு இதன் வழியாகத்தான் வாங்குபவருக்குப் போகும். அதற்குக் கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்தே மாறுவதாக ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்க வேண்டும். அதைப் பட்டயக் கணக்காளரோ செலவுக் கணக்காளரோ சான்றளிக்க வேண்டும். விற்பவர் நிலுவை ரிட்டர்ன்களை முடித்துப் படிவத்தை ஏற்றியபின், வாங்குபவர் தம் லாகினில் ஒப்புக்கொண்டால்தான் வரவு ஏறும். பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். உரிமையாளர் இறந்து வாரிசு தொடரும்போதும் இதே வரிசைதான் என்பதை 2019 மார்ச் 28 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. மின்னணுப் பண லெட்ஜரில் உள்ள தொகை ஐடிசி-02 மூலம் மாறாது. விற்பவர் அதைத் திரும்பக் கேட்டுப் பெற வேண்டும்.

இயங்கும் தொழிலை முழுதாகவோ, தனித்து நடக்கக்கூடிய ஒரு பகுதியாகவோ மாற்றிக் கொடுத்தால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை என்பது 2017 முதல் இருக்கும் விலக்கு. சரக்கைத் தனியாக, இயந்திரத்தைத் தனியாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் வரி உண்டு. ஆகவே ஒப்பந்தத்தின் வாசகமே வரியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

பழைய பாக்கி

கைமாறிய நாள் வரையான ஜிஎஸ்டி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவு. பாக்கி பின்னால் நிர்ணயிக்கப்பட்டாலும் விதிவிலக்கில்லை. தம்பிக்குத் தானமாகக் கொடுத்தாலும், குத்தகைக்கு விட்டாலும் இதே கதைதான். 'பழைய பாக்கி எல்லாம் விற்பவர் தலையில்' என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது அவர்கள் இருவருக்குள் செல்லும், துறையைக் கட்டுப்படுத்தாது.

வருமான வரியிலும் இதற்கு இணையான தடை உண்டு. (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன, இங்கே தரப்படுபவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள்.) விற்பவர் மீது வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது நடந்த சொத்து மாற்றம், துறையின் கோரிக்கைக்கு எதிராகச் செல்லாது என்றது 281ஆம் பிரிவு. போதிய விலை கொடுத்து, விவரம் தெரியாமல் வாங்கியவருக்கும், அதிகாரியின் முன் அனுமதி பெற்றவருக்கும் விலக்கு உண்டு. அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே முழுப் பணத்தைத் தருவது உத்தமம்.

பிரைவேட் லிமிடெட்

இங்கே பங்கு மாற்றப் படிவமான எஸ்ஹெச்-4தான் முதல் ஆவணம். அதற்கு முத்திரைத் தீர்வை 0.015%; ரூ.10 லட்சத்துக்கு ரூ.150. கையெழுத்தான 60 நாளுக்குள் நிறுவனத்திடம் தர வேண்டும். இயக்குநர்கள் மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கோர வேண்டும். நடைமுறையில் தொல்லை தருவது லாகின்: பதிவு செய்த கைபேசி எண் பழைய முதலாளியுடையது என்றால் ஓடிபி அவருக்கே போகும். ரிட்டர்ன் போடும் 20ஆம் தேதி அவரைத் தேடி அலைவதைவிட, பணம் கைமாறும் அன்றே எண்ணை மாற்றிவிடுவது நல்லது.

நியாயச் சந்தை மதிப்பைவிட ரூ.50,000-க்கு மேல் குறைத்துப் பங்கு வாங்கினால் அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானம். விற்றவருக்கோ நியாயச் சந்தை மதிப்பே விற்பனை விலையாகக் கொள்ளப்படும். ஒரே குறைப்புக்கு இரு பக்கமும் வரி. பழைய நஷ்டத்தைக் கணக்கிட்டு நிறுவனம் வாங்குவோர் 79ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்: நஷ்டம் ஏற்பட்ட ஆண்டின் கடைசி நாளில் இருந்த பங்குதாரர்களிடமே குறைந்தது 51% வாக்குரிமை நீடிக்காவிட்டால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. பங்குதாரர் இறந்தாலோ, உறவினருக்குத் தானம் செய்தாலோ இது பொருந்தாது. கழிக்கப்படாத தேய்மானமும் இதில் சிக்காது.

கூட்டு நிறுவனத்தில் விலகும் கூட்டாளி, விலகிய ஒரு மாதத்துக்குள் ஜிஎஸ்டி ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்காவிட்டால், தகவல் போய்ச் சேரும் நாள் வரை பொறுப்பு அவர் மீதும் நீளும்.

கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருப்பது ஜிஎஸ்டியில் கட்டாயம். கடையோடு பில் கட்டுகளையும் ஒப்படைத்துவிடும் விற்பவர், ஒரு நகலாவது எடுத்துவைக்க வேண்டும். அவர் காலத்துக் கணக்குக்கான நோட்டீஸ் அவருடைய பான் எண்ணுக்குத்தான் வரும்.