கிமோனோ வீட்டுக்குள் ஒதுங்கிய கதை

1925 கோடையின் தொடக்கத்தில், டோக்கியோவின் கின்ஸா கடைத்தெருவில் போகிற வருகிறவர்களின் உடையைச் சிலர் நின்று குறித்துக்கொண்டிருந்தார்கள். கோன் வாஜிரோ என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் நடத்திய கணக்கெடுப்பு அது. ஆண்களில் 67 சதவீதம் பேர் மேற்கத்திய உடையில் இருந்தார்கள். பெண்களில் 1 சதவீதம்தான்.

ஆண்கள் முந்திக்கொண்டதற்கு ஃபேஷன் மோகம் மட்டும் காரணமல்ல, அரசாங்கமும்தான். ஐரோப்பியர்கள் தங்களைச் சமமாக மதித்தால்தான் பாதகமான பழைய ஒப்பந்தங்களைத் திருத்த முடியும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட மெய்ஜி அரசு கருதியது. 1872இல் அரசு விழாக்களுக்கு மேற்கத்திய உடையே என்று உத்தரவு வந்தது. ராணுவம், போலீஸ், ரயில்வே என்று சீருடை பரவியது. அலுவலகத்தில் கோட்டு, வீடு திரும்பியதும் கிமோனோ. பேண்ட்டைக் கழற்றிவிட்டுக் கைலிக்கு மாறும் நம் வீட்டு ஆண்களுக்கு இது புரியும்.

பெண்களும் மாறலாம், துணி மட்டும் உள்நாட்டில் நெய்ததாக இருக்கட்டும் என்று 1887இல் பேரரசியே சொல்லிப் பார்த்தார். மேல்தட்டைத் தாண்டி அது இறங்கவில்லை.

கிமோனோ கட்டுவதைவிட அதைப் பராமரிப்பதுதான் பெரிய வேலை. சுமார் 12 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமும் கொண்ட ஒரே சுருள் துணியை நேர்க்கோட்டில் வெட்டித் தைப்பார்கள். அழுக்கானால் தையலை முழுக்கப் பிரித்து, துண்டு துண்டாகத் துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் ஒட்டியோ மூங்கில் குச்சிகளால் விறைப்பாக இழுத்தோ காயவைத்து, மறுபடி தைக்க வேண்டும். அராய் ஹரி என்று இதற்குப் பெயர். வீட்டில் இருந்த பெண்களின் உழைப்பை நம்பித்தான் அந்த உடையே இருந்தது. சட்டையையும் பாவாடையையும் நனைத்துப் பிழிந்தால் முடிந்தது. இதோடு போட்டி போட முடியுமா?

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பெண்கள் பழைய கிமோனோக்களை வெட்டி, கிராமத்துப் பெண்கள் வயலில் அணியும் மோன்பே என்ற தொளதொளப்பான கால்சட்டையாகத் தைத்துக்கொண்டார்கள். போர் முடிந்த பஞ்சத்தில், மிஞ்சிய பட்டுகளை நகரத்தார் கிராமங்களுக்குத் தூக்கிப்போய் அரிசிக்கு மாற்றினார்கள். அடுத்த தலைமுறைப் பெண்கள் கவுன் தைக்கப் படித்தார்கள். அம்மா பார்த்துக் கட்டிவிட்டது போய், 1960களில் கிமோனோ கட்டக் கற்றுத்தரவே கட்டணப் பள்ளிகள் முளைத்தன.

இன்று ஜனவரியில் நடக்கும் வயதுவந்தோர் விழாவுக்கு இளம்பெண்கள் நீண்ட கைகள் கொண்ட ஃபுரிசோதேயைப் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கிறார்கள். கட்டிவிட அழகு நிலையத்தில் விடிகாலையிலேயே வரிசை. கல்யாணம், தேநீர்ச் சடங்கு, கோடை வாணவேடிக்கைக்குப் பருத்தி யுகாதா, அவ்வளவுதான்.

வெளியே போனாலே பாரம்பரிய உடைதான் என்ற கட்டாயம் சுமோ மல்லர்களுக்கு இருக்கிறது. ரயிலில் போனாலும் விதிவிலக்கில்லை. அவர்களிலும் கீழ்நிலையில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்திலும் மெல்லிய யுகாதாவும் மரச்செருப்பும்தான். மேலே கோட்டு போட்டுக்கொள்ளப் பதவி உயர வேண்டும்.