தொழுவில் நின்ற மேசி

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பொறுமையாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் நடந்தது. "ஊர்ல தொழுவுல நிக்கிற அந்தப் பழைய டிராக்டரைக் காயலான் கடைக்குப் போட்டுறலாம், கிலோ கணக்குல 48 ஆயிரம் தர்றாங்களாம்" என்று சென்னையிலிருந்து ஒரு செய்தி. கீழே கட்டை விரல்கள் வரிசையாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். என் மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, படித்தால் தெரியும்.

அது மேசி ஃபெர்குசன் 1035. அய்யா 1975-ல் வாங்கியது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷத்துக்கு முந்தின வருஷம். சாத்தூருக்குக் கிழக்கே உள்ளவர்களுக்கு நிலம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு 8 ஏக்கர் மானாவாரிக் கரிசல், 2 ஏக்கர் தோட்டம். நம் பக்கம் 'தோட்டம்' என்றால் பூச்செடி வைக்கிற இடமில்லை, கிணற்று இறவை உள்ள நிலம். வெளிநாடுகளில் 'தோட்ட டிராக்டர்' என்று புல்வெளி வெட்டும் குட்டி வண்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜான் டியர் கம்பெனி 1963-ல் 110 என்ற மாடலை விட்டது. அந்தக் காலத்து வண்டிகளை வாங்கிப் பிரித்துச் சேர்த்துப் பெயின்ட் அடித்து ஓட்டுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. அப்பாவும் பிள்ளையும், நண்பர்களும் சேர்ந்து செய்வார்கள். அவர்கள் தோட்டம் வேறு, நம் தோட்டம் வேறு. ஆனால் கையில் படுகிற கிரீஸ் ஒன்றுதான்.

இந்த வண்டியின் கதை அயர்லாந்தில் தொடங்குகிறது. ஹாரி ஃபெர்குசன் ஒரு விவசாயி மகன், 1884-ல் பிறந்தவர். 1909 டிசம்பர் 31-ம் தேதி தானே கட்டிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கினார். அதற்குப் பிறகு கலப்பை பக்கம் வந்தார். அந்தக் காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ கட்டி இழுத்தன. கொழு கல்லில் மாட்டினால் வண்டி நிற்காது, முன்பக்கம் மேலே எழுந்து பின்னால் ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். பல பேர் அப்படிச் செத்தார்கள்.

ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. மண் கலப்பையைத் தடுக்கும்போது மேல் கை முன்னால் தள்ளும். அந்தத் தள்ளல் வண்டி பின்புறம் எழாமல் அமுக்குகிறது. அதோடு, சீட்டுக்குக் கீழே உள்ள ஒரு தடித்த ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஸ்பிரிங் அழுந்தினால் உள்ளே ஹைட்ராலிக் வால்வு திறந்து கலப்பை தானாக ஒரு விரற்கடை மேலே வரும். இழுவை குறைந்தால் மறுபடி இறங்கும். கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் பின் சக்கரத்தில் விழுவதால், சின்ன வண்டியே பெரிய வண்டியின் வேலையைச் செய்யும்.

நான் அறிவியல் பாடம் நடத்தியவள், ஆனால் இதை 60 வயதுக்கு மேல்தான் கையால் தொட்டுப் புரிந்துகொண்டேன். நெம்புகோல் பற்றி 30 வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒருநாளாவது பிள்ளைகளைத் தொழுவுக்குக் கூட்டிவந்து இதைக் காட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

1938-ல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் கைகுலுக்கிக்கொண்டே ஒப்பந்தம் செய்தார்கள், காகிதம் கிடையாது. ஃபோர்டின் பேரன் 1947-ல் அதை முறித்தார். வழக்கு 1952 வரை இழுத்து, 92 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் முடிந்தது. பத்திரம் எழுதாத பாகப்பிரிவினை எப்படி முடியும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும். இதற்கிடையில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை சாம்பல் நிறத்தில் டி.இ.20 என்ற வண்டி 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ல் தென் துருவம் போய்ச் சேர்ந்தது அந்த வண்டிகளில்தான். எவரெஸ்ட் பற்றி உங்களுக்கு நடத்தினேன், இதைச் சொல்லாமல் விட்டேன். கம்பெனி 1953-ல் கனடாவின் மேசி ஹாரிஸோடு சேர்ந்தது. அதனால்தான் நாம் இன்றும் 'மேசி' என்கிறோம், பாவம் ஃபெர்குசன் பேரை யாரும் சொல்வதில்லை.

இந்தியாவில் செய்யப்பட்ட முதல் டிராக்டர் 1959 ஏப்ரலில் ஃபரிதாபாத்தில் ஐஷர் கம்பெனியிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு, 1960-ல், நம் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம் மேசி ஃபெர்குசனோடு சேர்ந்து டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. ஃபெர்குசன் இறந்ததும் அதே 1960-ல்தான். எஞ்சினுக்கு அதே குழுமத்தின் சிம்ப்சன். மூன்று சிலிண்டர் டீசல். அந்தச் சத்தத்தைத் தூரத்தில் கேட்டே "மேசி வருது" என்று சொல்லிவிடலாம்.

கரிசலுக்கு ஏன் டிராக்டர் தேவைப்பட்டது? கரிசல் காய்ந்தால் பிள்ளையின் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் காலைப் பிடித்து விடாது. இரண்டுக்கும் நடுவில் உழவுக்குப் பதம் சில நாட்கள்தான். வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். ஒரு ஜோடி மாட்டை வைத்து 8 ஏக்கரை அந்தப் பதத்துக்குள் உழுது முடிக்க முடியாது. கோரையும் அருகும் நாட்டுக் கலப்பைக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும். சட்டிக் கலப்பை போட்டுக் கோடையில் புரட்டினால்தான் அடங்கும்.

அய்யா பதிவு செய்து, காத்திருந்து வாங்கினார். முன்பணத்துக்கு இரண்டு ஜோடி உழவு மாடு போனது, அந்த வருஷப் பருத்திப் பணம் போனது, அம்மாவின் 7 பவுன் போனது. மீதி கடன். மழை பொய்த்த வருஷம் ஒன்றில் ஜப்தி நோட்டீஸ் வாசலில் ஒட்டப்பட்டது. ஒட்டிய இடத்தின் பெயர் இப்போது எதற்கு. அய்யா ராத்திரி பகலாகச் சுற்றுவட்டாரம் முழுக்க வாடகை உழவு ஓட்டி அதை அடைத்தார். 1976-ல் நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது கட்டிய பணமும் வாடகை உழவுப் பணம்தான். நகை திரும்பவில்லை. யாராவது "கழுத்துல ஒண்ணும் இல்லையே" என்று கேட்டால் அம்மா தொழுவைக் கைகாட்டி, "அங்க நிக்குது பாரு" என்பார். கோபமா பெருமையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் வரலாறு என்று எழுத உட்கார்ந்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது.

மாடு போனபோது மாட்டோடு ஒரு மனிதரும் போனார். எங்கள் வீட்டில் பல வருஷம் ஏர் பிடித்தவர். கமலை இறைத்தவரும் அவர்தான். கமலை ஏற்கெனவே ஆயில் எஞ்சினுக்கு வழிவிட்டிருந்தது, டிராக்டர் வந்ததும் ஏரும் நின்றது. அவர் தீப்பெட்டி ஆபீஸில் மூட்டை தூக்கப் போனார். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து தொடங்கியதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தொழிலுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? மழை பொய்த்த கரிசல் ஊர்களிலிருந்து. எங்கள் ஊரில் கொஞ்சப் பேர், எங்கள் டிராக்டர் வந்ததாலும்.

அவருடைய மகள் என்னிடம் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. 1988-ல் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டாள். விடியுமுன் வரும் கம்பெனி வண்டியில் ஏறி, பெட்டி ஒட்டவும் கட்டை அடுக்கவும் போனாள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. நான் வருகைப் பதிவேட்டில் ஒரு மாதம் 'ஆ' போட்டேன், பிறகு பெயரை நீக்கினேன். வீட்டுக்கு ஒரு தடவை போய்க் கேட்டேன். "உங்க வீட்டு ஏரு இருந்தா அனுப்பியிருப்பேன் தாயி" என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை போகவில்லை.

அவளுடைய தம்பியும் என் மாணவன்தான். படிப்பு ஏறவில்லை, நானும் அவனை ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "மக்கு" என்று சொல்லியிருக்கிறேன். சிவகாசியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். சிவகாசி அச்சகங்களுக்கு வரும் பழைய ஜெர்மன் மெஷின்களுக்கு உதிரிபாகம் கிடைக்காதபோது, உடைந்ததைப் பார்த்தே புதிதாகக் கடைந்து கொடுக்கிற பட்டறைகள் அவை. பிறகு பட்டாசு ஆபீஸ் ஒன்றில் வண்டி ஓட்டுநர். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்றார்கள். அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலையில்லாத அந்த நாட்களில்தான் அவன் எங்கள் தொழுவுக்கு வந்தான். வண்டி 1998-ல் நின்றது, அய்யா 2001-ல் போய்விட்டார். இருபது வருஷமாக வைக்கோலும் கோழியும் அதன் மேல்.

சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஜாம் ஆகித்தான் இருக்கு டீச்சர், கெட்டுப் போகல" என்றான்.

இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஊற வைத்தோம். தினமும் காலையில் என் தம்பி முன்பக்கப் புல்லியில் கம்பியைக் கொடுத்து அசைத்துப் பார்ப்பான். 12-ம் நாள் ஒரு நூல் அசைந்தது. தம்பி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் பாம்பு என்று ஓடிவந்தார்கள். ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு, அதில் 1996-ம் வருஷத்துப் பேப்பர் துண்டு. ஒரு லைனர் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது, மாற்றினோம். பிஸ்டன் ரிங் மூன்று செட். ஸ்டியரிங் பெட்டிக்கு ஒரு புஷ்ஷை அவனே சிவகாசியில் கடைந்து கொண்டுவந்தான். என் வேலை, கழற்றின ஒவ்வொரு நட்டையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுவது. "டீச்சர் கையெழுத்து இருந்தா தப்பே வராது" என்பான். கடைசியில் டீசல் லைனில் காற்று பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்தியது. நட்டைத் தளர்த்து, கையால் பம்ப் அடி, குமிழி போகும்வரை விடு, இறுக்கு. மறுபடி முதலிலிருந்து.

2019 மாசி மாதம் ஒரு சாயங்காலம் ஓடியது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு அந்த மூன்று சிலிண்டர் சத்தம். அம்மாவுக்கு அப்போது கண் தெரியாது. திண்ணையிலிருந்து, "உங்கய்யா எங்க உழப் போறாரு இந்நேரத்துல?" என்றார்.

அன்றைக்கு அவனுடைய அக்காவும் வந்திருந்தாள். பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லவும் இல்லை. அவள் இதைப் படிக்க மாட்டாள். அவள் மகள் படிப்பாள், நம் பள்ளியில்தான் படித்தாள், இப்போது செவிலியர். அம்மாவிடம் படித்துக் காட்டு தாயி.

குடும்பக் குழுவுக்கு இப்போது என் பதில். 48 ஆயிரத்துக்கு வண்டி போகாது. என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் பங்குக்கு என்ன விலையோ சொல்லுங்கள், என் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கிறேன். ஆர்.சி. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. வண்டியைத் தம்பி பெயரிலும் மெக்கானிக் பெயரிலும் சேர்த்து எழுதிக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அவன் வேண்டாம் என்கிறான், நீங்களும் ஆட்சேபிப்பீர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வாருங்கள், பேசுவோம்.

இன்னொன்று. ஹைட்ராலிக் இன்னும் சரியாகவில்லை. ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்குகிறது, ஐந்து நிமிஷத்தில் மெதுவாகக் கீழே விட்டுவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல் மூடியைத் திறக்கிறோம். சிலிண்டர் சீல் போயிருக்கும் என்கிறான் அவன், பம்ப் வால்வு என்கிறான் தம்பி. அருப்புக்கோட்டை, ராஜபாளையம் பக்கம் யார் வீட்டிலாவது பழைய 1035-ன் லிஃப்ட் பம்ப் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். வண்டிச் செலவு என்னுடையது, மதியச் சாப்பாடும் உண்டு.