கோட்டைக்கும் கணியம்பாடிக்கும் நடுவே

வேலூர்க் கோட்டையில் சைக்கிள் ஏறினால் தொரப்பாடி, பாகாயம், அடுக்கம்பாறை தாண்டி எங்கள் கணியம்பாடிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரத் தூரத்துக்குள் போலீஸ்காரரைப் பழக்கும் பள்ளி ஒன்று, ஆயிரக்கணக்கானோரை அடைத்து வைத்த மத்திய சிறை ஒன்று, நான்கு மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்த கழகம் ஒன்று என மூன்றும் இருக்கின்றன. தென்னிந்தியாவில் வேறெந்தச் சாலைக்கும் இந்தப் பெருமை (பெருமை என்றே வைத்துக்கொள்வோம்) இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை. வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு மெஷின் வாங்கிப் போட்டவன். அப்பா ராணிப்பேட்டை தோல்ஷாப்பில் இருந்தார், அம்மா ஷூ கம்பெனி பஸ் ஏறி அப்பர் தைக்கப் போனார். சீருடைப் பணியாளர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தால் என் கடையில் நிற்க இடமிருக்காது. இந்தப் பக்கத்துப் பையன்களின் உயரம், மார்பளவு, அங்க அடையாளம் எல்லாம் எனக்கு அத்துப்படி. பக்கத்து கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள், அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். மற்ற ஊர்களில் பட்டாளத்துக்கு அடுத்தபடி போலீஸ், போலீஸுக்கு அடுத்தபடி வார்டர் வேலை. ‘யூனிபார்ம் வேலை’ என்றால் எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்குத் தனிச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை ஓடும். காவல் காப்பதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அதற்கு முன் எப்படி நடந்தது?

அதற்கு முன் நடந்ததை 1855-ல் சென்னை அரசு அச்சிட்ட ஓர் அறிக்கை சொல்கிறது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று பேர் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு. கிஸ்தி வசூலிக்கிற தாசில்தாரே போலீஸுக்கும் தலைவராக இருந்த காலம் அது. வரி கட்டாதவனையும் திருட்டுப் பழி சுமந்தவனையும் ஒரே சேவகன் ஒரே முறையில்தான் கேட்பான். விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி. ஆளைக் குனியவைத்து அசையாதபடி கட்டி, வெயிலில் நிறுத்தும் அனுந்தால். கண்ணில் மிளகாய். நூற்றுக்கணக்கான ரயத்துகள் நேரில் வந்தும் கடிதம் எழுதியும் குழுவிடம் முறையிட்டார்கள். ஆங்கில அதிகாரிகளுக்கு இது தெரியாது என்று அறிக்கை அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கச்சேரித் திண்ணையில் அலறுகிறவன் குரல் கலெக்டர் பங்களாவுக்குக் கேட்காதாம்!

ஆனாலும் அறிக்கையால் ஒரு காரியம் நடந்தது. வரியையும் போலீஸையும் பிரித்தார்கள். 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டப்படி சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் வந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். 1861-ல் இந்தியா முழுவதற்கும் வந்த போலீஸ் சட்டத்துக்கு இந்த மாகாணத்து ஏற்பாடும் ஒரு முன்மாதிரி. தலையாரியும் காவல்காரரும் இருந்த இடத்தில் சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள் வந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததோ கவாத்து. நேராக நில், இடது வலது, சல்யூட். ஒரு திருட்டை எப்படிப் புலனாய்வது என்பது ஸ்டேஷன் பெரியவரைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியது. பெரியவர் எதைப் பார்த்துப் பழகினார் என்பதுதான் சிக்கல்.

இந்த நிலையில்தான் வேலூர்க் கோட்டைக்குள் போலீஸ் பயிற்சிப் பள்ளி வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். கோட்டைக்குக் காவல் புதிதில்லை. 1799-ல் சீரங்கப்பட்டணம் விழுந்த பின் திப்புவின் பிள்ளைகளை இங்கேதான் வைத்தார்கள். 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் எழுந்த பிறகு அந்தப் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816 முதல் 1832-ல் இறக்கும்வரை இங்கே கைதி. அரசர்களைப் பூட்டிய மகால்கள் காலியானதும் போலீஸ்காரரைப் பழக்க வசதியாக அமைந்துவிட்டன. அகழியும் மதிலும் இருப்பதால் பயிற்சிக்கு வந்தவன் ராத்திரி ஓடிப்போகவும் முடியாது.

1902-ல் ஆண்ட்ரூ பிரேசர் தலைமையில் இந்தியப் போலீஸ் கமிஷன் உட்கார்ந்தபோது வேலூர்ப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. கமிஷன் இந்தியப் போலீஸைப் பற்றிச் சொன்னது கசப்பான தீர்ப்பு: திறமை போதாது, பயிற்சி குறை, ஊழலும் கொடுமையும் மலிந்திருக்கிறது. மாகாணம்தோறும் அதிகாரிகளுக்குப் பயிற்சிக் கல்லூரியும் கான்ஸ்டபிள்களுக்குப் பள்ளியும் வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் தன் ஆட்களுக்குப் பள்ளி வைத்தது 1908-ல். அதைப் பல்கலைக்கழக வகுப்பாக்கியது 1916-ல். போலீஸ் படிப்பின் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். பள்ளி வைத்ததில் வேலூர் மூத்தது. வித்தியாசம், அவர் பள்ளிக்கூடத்தைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார். நம்முடையது மதிலுக்குள்ளேயே இருந்துவிட்டது.

மதிலுக்குள் இருந்த காலத்தில் குற்றத்தைப் பற்றி அதிகாரிகள் படிக்கக் கிடைத்த புத்தகங்கள் என்ன? 1892-ல் சென்னைப் போலீஸ் அதிகாரி முல்லாலி, இந்த மாகாணத்துக் ‘குற்றவாளி வகுப்புகள்’ பற்றி ஒரு குறிப்பு நூல் எழுதினார். சாதி சாதியாக அத்தியாயம். எந்தச் சாதி எப்படித் திருடும், என்ன குழூஉக்குறி பேசும், எந்த ஆயுதம் வைத்திருக்கும் என்று. ரயில்வே போலீஸில் இருந்த பாப்பாராவ் நாயுடு ரயில் திருடர்களைப் பற்றியும் குறவர்களைப் பற்றியும் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் போலீஸ் அதிகாரிகளுக்கு மண்டையோட்டை அளக்கும் வகுப்பு எடுத்தார். ஆளை ஆராய்ச்சி செய்கிற படிப்பு நம் மாகாணத்தில் இப்படித்தான் பிறந்தது. குற்றம் ஏன் நடக்கிறது என்று கேட்கவில்லை, யார் வயிற்றில் பிறந்தாய் என்று கேட்டது.

அந்தக் கேள்வியைச் சட்டமாக்கியது குற்றப் பரம்பரைச் சட்டம். வடக்கே 1871-ல் வந்தது, சென்னை மாகாணத்துக்கு 1911-ல். பதிவான குடும்பத்தின் ஆண் கைரேகை வைக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி என்று பலர் போராடிய பிறகு 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் 1952-ல்.

அந்தச் சட்டத்தில் பதிவான சாதியாருக்கு அரசாங்கம் இப்போது வைத்திருக்கும் பெயர் சீர்மரபினர். விண்ணப்பத்தில் சாதிப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ‘மிகவும் பிற்படுத்தப்பட்டோர் / சீர்மரபினர்’ என்று ஒரே வரியாக வரும். போன தேர்வுக்கு வந்த ஒரு பையன் அதைச் சொடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்துக்காகக் காத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் கொள்ளுத் தாத்தா ரேகை வைத்த வகையறாவாக இருக்கலாம். இவன் இப்போது அதே ஸ்டேஷனுக்குள் சட்டை மாட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ‘கட்டணம் ஜி-பேயா, கேஷா’ என்று மட்டும் கேட்டேன்.

கோட்டைக்குள் அதிகாரிகளுக்கென இருந்த பயிற்சிக் கல்லூரி பிறகு சென்னை அசோக் நகருக்குப் போய்விட்டது. கான்ஸ்டபிள்களைப் பழக்கும் பள்ளி மட்டும் இங்கே தங்கியது.

தொரப்பாடி சிறைக்கு வருவோம். இந்தச் சிறையை வெளியே இருந்து பார்த்தவர்களைவிட உள்ளே இருந்து பார்த்தவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் இங்கே இருந்து சிறை நாட்குறிப்பு எழுதினார். காமராஜரை 1940-ல் கைது செய்து இங்கே கொண்டுவந்தார்கள். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏ.கே. கோபாலன் 1941-ல் இங்கிருந்து தப்பியே போனார். சிறை எப்படி நடக்கிறது என்பதை நாட்டை ஆளப்போகிறவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்த இடம்.

சிறை அதிகாரிக்கும் படிப்பு வேண்டும் என்று அழுத்திச் சொன்னது 1919–20-ன் இந்தியச் சிறைக் குழு. தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாணத்துச் சிவில் அதிகாரி. பிரிட்டனும் அமெரிக்காவும் ஜப்பானும் சுற்றிப் பார்த்துவிட்டு, சிறையின் வேலை ஆளைத் திருத்துவதும்தான், அதற்குப் பழக்கப்பட்ட ஆட்கள் தேவை என்று எழுதினார்கள். அதன் பின் 1925-ல் சென்னைக்குப் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம், 1936-ல் நன்னடத்தைச் சட்டம் வந்தன. இளங்குற்றவாளியைப் பெரிய கைதிகளோடு சேர்த்துப் பூட்டாதே, முதல் தப்புக்காரனை உள்ளே தள்ளாமலே பார்த்துக்கொள் என்பதே இரண்டின் சாரம். சுதந்திரத்துக்குப் பிறகு ஐ.நா. அனுப்பி 1951-ல் வால்டர் ரெக்லெஸ் என்ற அமெரிக்கக் குற்றவியல் பேராசிரியர் வந்து நம் சிறை அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தார்.

இவ்வளவு சொல்லியும் எங்கள் சாலைக்கு அந்தப் படிப்பு வர 1979 ஆனது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்கும் செலவைப் பங்குபோட்டுத் தொரப்பாடியில் வட்டாரச் சீர்திருத்த நிர்வாகக் கழகத்தை ஆரம்பித்தன. இப்போது அதற்குச் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாக அகாதெமி என்று பெயர். உதவி சிறை அலுவலராகத் தேர்வானவர் ஒன்பது மாதம் இங்கே இருக்க வேண்டும். கவாத்து உண்டு, சட்டம் உண்டு, கூடவே குற்றவியல், தண்டனையியல், உளவியல், மனித உரிமை. மலையாளமும் கன்னடமும் பேசிக்கொண்டு முடி ஒட்ட வெட்டிய பிள்ளைகள் பாகாயம் டீக்கடையில் நிற்பார்கள். வேலூர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் வெளிமாநிலத்தார் என்று நினைக்கிறவர்களுக்கு இவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அகாதெமிக்கு எதிர்ப்பக்கச் சிறைக்குள் தோல் பிரிவு நடக்கிறது. கைதிகள் போலீஸுக்கான ஷூ தைக்கிறார்கள். என் அம்மா தைத்த அப்பர் ஜெர்மனிக்குப் போயிற்று என்பார்கள். உள்ளே இருப்பவர் தைத்தது தன்னைப் பிடித்த ஸ்டேஷனுக்கே போகலாம்.

கல்லூரிக்குள் குற்றவியல் படிப்பு நுழைந்தது தனிக் கதை, அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1959-ல் சாகர் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஆரம்பித்தது. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் தனித்துறையாக வளர்ந்தது எண்பதுகளில். அதை வளர்த்த பேராசிரியர் கே. சொக்கலிங்கம் குற்றம் செய்தவரை மட்டும் பார்க்காமல், பறிகொடுத்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் பாடத்துக்குள் கொண்டுவந்தவர். பிறகு நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார், அங்கேயும் இத்துறை வந்தது. முல்லாலியின் நூலிலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. சாதி அத்தியாயங்கள் போய், அடிபட்டவருக்கு என்ன செய்வது என்ற அத்தியாயம் வந்தது. இந்த மாகாணத்துப் போலீஸ் வரலாற்றில் 1859-க்குச் சமமான திருப்பம் இதுவே என்பேன். சட்டம் போட்டு வராததால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அரசும் எடுக்கவில்லை. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும். பொதுப் பிரிவுப் பையனுக்கு 170 சென்டிமீட்டர் உயரம், 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். எஸ்.ஐ. ஆக ஏதாவது ஒரு பட்டம் போதும், தாவரவியலும் சரி, வணிகவியலும் சரி. காவலர் தேர்வில் என்.சி.சி.க்கும் என்.எஸ்.எஸ்.ஸுக்கும் விளையாட்டுக்கும் தனி மதிப்பெண் உண்டு. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, ஷூ கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறவள், போன மாதம் கேட்டாள்: “அண்ணா, கிரிமினாலஜி படிச்சா மார்க் எதுனா சேத்துத் தருவாங்களா?” “காவலருக்குக் கெடையாதும்மா” என்றேன். “அப்ப எதுக்குணா படிக்கணும்?” என்றாள்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலில் இருக்கிறது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும், அதைப் படம் பிடித்தே ஆக வேண்டும் என்கிறது அது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தடயம் எடுக்கத் தெரிந்தவர், செல்போன் தரவு படிக்கத் தெரிந்தவர், குழந்தைகள் நலக் குழுவில் உட்காரத் தகுந்தவர், நன்னடத்தை அலுவலர் என ஆள் தேவை வரிசையாக வருகிறது. அந்த வேலைகளுக்கு மார்பளவு எடுக்க மாட்டார்கள், படிப்பைத்தான் கேட்பார்கள். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். முதலில் கான்ஸ்டபிள் ஆகிவிடுகிறேன், சம்பளம் வந்த பிறகு அஞ்சல் வழியில் படித்துக்கொள்கிறேன் என்றாள். அவள் கணக்குத் தப்பில்லை, வீட்டில் இரண்டு தங்கைகள். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம் இரண்டு நிமிடம் முப்பது விநாடி. அவளுக்கு இப்போது பத்து விநாடி அதிகமாகிறதாம். விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு, தபால் வழிச் சேர்க்கை எப்போது திறக்கும் என்று பார்த்து அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.