வெள்ளவத்தை ஆலையின் வாயில்

வெள்ளவத்தை என்றதும் காலி வீதியின் புடைவைக் கடைகளும், இராமகிருஷ்ண மண்டபமும், யாழ்ப்பாணத்தார் குடியிருக்கும் ஒழுங்கைகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ‘சின்ன யாழ்ப்பாணம்’ என்னும் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. ஆயின் இப்பெயர் வழங்கத் தொடங்குவதற்கு முன்னரே அங்கே தமிழ் பேசியோர் பலர் வாழ்ந்தனர். அவர்கள் எழுதுவினைஞருமல்லர், வணிகருமல்லர். விடியுமுன் சங்கொலி கேட்டு எழுந்து, பஞ்சுத் தூசியிடையே பகலெல்லாம் நின்று, இருமிக்கொண்டே திரும்பிய ஆலைத் தொழிலாளர். அவர்கள் நூற்ற நூலின் ஓர் இழைகூட இன்று நம் கையில் இல்லை.

வெள்ளவத்தை நூற்பு நெசவாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. நெடுங்காலம் இலங்கையின் மிகப் பெரிய நெசவாலை அதுவே. இன்று அந்த நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் பெயருடன் வானளாவிய மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவரிடம், “இக்கட்டடங்கள் வருமுன் அங்கே என்ன இருந்தது?” என்று கேட்டேன். முப்பத்தைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அரசர்கள் வெட்டிய குளங்களைப் பாடநூலில் நிரைப்படுத்திய நாம், ஆலைத் தொழிலாளருக்கு அதில் அரைப் பக்கமும் ஒதுக்கவில்லை.

ஆலையின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? முதலாளி போட்ட மூலதனத்திலிருந்து தொடங்குவது பொருளாதார நூலாரின் வழக்கம். இயந்திரத்திலிருந்து தொடங்குவோரும் உளர். நான் வாயிலிலிருந்து தொடங்க விரும்புகின்றேன். காலையில் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார், அவருள் உள்ளே விடப்படுபவர் யார், ‘நீ வா, நீ போ’ என்று விரல் நீட்டுபவர் யார் என்பவற்றை அறிந்தால், உள்ளே நடந்தவற்றுட் பாதியை அறிந்தவராவோம்.

பஞ்சாலையிற் புதிதாகச் சேருபவனுக்கு உடல்தான் முதல். பஞ்சுப் பொதி இறக்குதல், பொதியுடைத்துப் பஞ்சைப் பிரித்தல், தளம் கூட்டுதல், நிறைந்த நூற்கண்டுகளைக் கழற்றி வெறுங்கண்டுகளை மாட்டுதல் முதலிய வேலைகளே அவனுக்குக் கிடைக்கும். இவற்றுக்குப் பள்ளிப் படிப்பு வேண்டியதில்லை. நூல் அறுந்த இடத்தை ஓடும் இயந்திரத்திலேயே பிடித்து முடிவதற்கு மாத்திரம் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை அவன் பெறுவது ஏற்கெனவே வேலை செய்யும் மாமனிடமோ மைத்துனனிடமோ, அல்லது ஊர்க்காரனிடமோதான். கற்றுக்கொள்ளும் காலத்தில் பெரும்பாலும் கூலி இராது. ஆகவே ஊரும் உறவும் உள்ளவனுக்கே உள்ளே நுழைய வழி கிடைத்தது. ஒரு பகுதியில் ஓர் ஊராரும் மறு பகுதியில் மற்றோர் ஊராருமாகத் தொழிலாளர் பிரிந்து நிற்க நேர்ந்தமைக்குக் காரணம் அவர்களுடைய குறுகிய மனம் எனச் சிலர் எழுதுவர். வேலைக்கு எடுத்த முறையே அவர்களை அவ்வாறு பிரித்து நிறுத்தியது என்பதை அவர்கள் காண்பதில்லை.

இம்முறையின் அச்சாணி மேஸ்திரி. பம்பாய் ஆலைகளில் ‘ஜாபர்’ என்பர், தமிழ்நாட்டில் மேஸ்திரி, நம் நாட்டுத் தோட்டங்களிற் கங்காணி. பெயர் வேறாயினும் தொழில் ஒன்றே. ஆள் பிடிப்பவரும் அவரே, வேலை வாங்குபவரும் அவரே, நிறுத்துபவரும் அவரே. அவசரத்துக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குபவரும் பல இடங்களில் அவரே. வேலை பெறுவதற்குக் காணிக்கை. பெற்ற வேலை நிலைப்பதற்கும் காணிக்கை. 1929இல் நியமிக்கப்பட்ட இந்தியத் தொழில் ஆணைக்குழு, விட்லி என்பாரின் தலைமையில் ஆராய்ந்து 1931இல் அறிக்கை வெளியிட்டது. ஆள் எடுக்கும் உரிமையையும் விலக்கும் உரிமையையும் ஜாபரிடமிருந்து பறிக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஏகாதிபத்திய அரசு அமைத்த குழுவே அவ்வாறு சொல்ல நேர்ந்ததெனின், ஊழல் எத்துணை வெளிப்படையாக இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அக்குழுவின் ஆய்வு இலங்கையைப் பற்றியதன்று. கொழும்புத் துறைமுகத்திலும் நகரசபையின் துப்புரவு வேலையிலும் கங்காணியின் ஆட்சி தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையின் முடுக்குகளிலும் தோட்டங்களிலும் குடியிருந்த துறைமுகத் தொழிலாளியின் காலைப்பொழுது, கங்காணியின் முகத்தைப் பார்த்தே விடிந்தது எனலாம்.

தோட்டத் தொழிலாளிக்கும் நகரத் தொழிலாளிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அதனை இங்கே குறிப்பிட வேண்டும். தோட்டத்துக்கு வந்தவன் தகரச் சீட்டுடன், மண்டப முகாமின் வழியே, துரைமாரின் பெயரால் வந்தான். அவனைச் சுரண்டுவதற்கே ஆயினும், அவனைப் பற்றிய கணக்கு ஒன்று இருந்தது. 1927ஆம் ஆண்டின் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியையும் ஏற்படுத்திற்று. நகரத்துக்கு வந்தவனோ தன் கைப்பணத்திலோ கடன் வாங்கியோ தூத்துக்குடியிற் கப்பலேறினான், அல்லது தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு வந்தான். அவனுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. விபத்து நட்டஈட்டுச் சட்டம் 1934இலும், தொழிற்சங்கச் சட்டம் 1935இலும், சம்பளச் சபைகளுக்கான சட்டம் 1941இலும், தொழிற்சாலைச் சட்டம் 1942இலுமே வந்தன. ஆகவே 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெள்ளவத்தை ஆலை வாயிலில் நின்ற ஒருவனுக்குச் சட்டத்தின் துணை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விரல் இயந்திரத்தில் அகப்பட்டால் விரலும் போயிற்று, வேலையும் போயிற்று.

அந்த 1933ஆம் ஆண்டைச் சற்று விரிவாக நோக்குவோம்.

உலகப் பொருளாதார மந்தம் இலங்கையையும் தாக்கிய காலம் அது. தேயிலையும் இறப்பரும் விலை வீழ்ந்தன. தோட்டங்கள் ஆட்களை விலக்கின; துறைமுகத்தில் வேலை சுருங்கிற்று; கிராமத்துச் சிங்களக் குடியானவர் வேலை தேடிக் கொழும்புக்கு வந்தனர். வாயிலுக்கு வெளியே நிற்போர் தொகை பெருகப் பெருக, உள்ளே இருப்போர் கூலி இறங்கும். இதனைக் கற்க மார்க்சின் நூலைப் புரட்ட வேண்டியதில்லை. வாயிலில் ஒரு காலைப்பொழுது நின்றாற் போதும். வெள்ளவத்தை ஆலை நிருவாகம் கூலியிற் கைவைத்தது. அப்போது அங்கே ஏறத்தாழ 1400 தொழிலாளர் இருந்தனர். மூன்றில் இரு பங்கினர் இந்திய வமிசத்தவர், எஞ்சியோர் பெரும்பாலும் சிங்களவர். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

அந்நாளிற் கொழும்புத் தொழிலாளரின் தலைவர் என்றால் ஏ. ஈ. குணசிங்கதான். அவரை இகழ்ந்து ஒரு வரியில் எழுதிவிடுதல் எளிது, நேர்மையன்று. 1922இல் அவர் சங்கம் அமைத்தார். 1923இன் பொது வேலைநிறுத்தத்தையும், 1927இன் துறைமுக வேலைநிறுத்தத்தையும், 1929இன் டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்தினார். துரைமுன் கைகட்டி நின்றவனைத் தலை நிமிர்ந்து பேசவைத்தவர் அவர். அந்நாளில் அவருடைய சங்கத்திற் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் முஸ்லிம்களும் ஒருங்கே நின்றனர். ஆயின் 1929இல் முதலாளிமாரின் சம்மேளனத்துடன் ஒப்பந்தம் செய்தபின், வேலைநிறுத்தத்தை நடத்தியவரே அதனைத் தடுப்பவரானார். மந்தம் வந்தது, வேலையில்லாத சிங்களத் தொழிலாளி அவரிடம் வேலை கேட்டான். வேலைகளின் தொகையைப் பெருக்குதல் அவரால் இயலாது. உள்ளே இருக்கும் இந்தியனை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1930களில் அவருடைய ‘வீரய’ பத்திரிகை மலையாளிகளுக்கு எதிராக நடத்திய இயக்கத்தின் வேர் இதுவே.

வெள்ளவத்தை வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்தார். வேலைநிறுத்தக்காரரின் இடத்தை நிரப்பச் சிங்கள ஆட்கள் திரட்டப்பட்டனர். தொழிலாளர் வேறு துணையைத் தேடினர். கொழும்பு வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த இளைஞர், அண்மையில் இலண்டனிலிருந்து மீண்டோர் சிலர், அவர்களுக்குக் கைகொடுக்க முன்வந்தனர். வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதன் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா, செயலாளர் வேர்ணன் குணசேகர. கொல்வினுக்கு அப்போது வயது இருபத்தாறு. சிங்களம் பேசும் நியாயதுரந்தரர் ஒருவர், தமிழும் மலையாளமும் பேசும் கூலியாட்களுக்காக, சிங்களத் தொழிலாளர் தலைவர் ஒருவரை எதிர்த்து நின்றார் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஈராண்டின் பின், 1935 டிசம்பரில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சிக்கு இந்த வேலைநிறுத்தம் ஒரு தொட்டில் எனின் மிகையாகாது.

வேலைநிறுத்தத்தின்போது உள்ளே சென்றவனைத் தமிழிற் கருங்காலி என்போம். வன்மையான சொல். ஆயின் அச்சொல்லால் ஒருவனைச் சுட்டிவிட்டு அப்பாற் செல்வது வரலாற்று மாணவனுக்குத் தகாது. அன்று பதிலாளாகச் சென்ற சிங்களவன் யார்? மந்தத்தால் நிலத்தையும் வேலையையும் இழந்து, சாதாரண காலத்தில் அந்த வாயிலை அணுகவும் இயலாதிருந்தவன். உள்ளே அவனுக்கு மாமனும் இல்லை, மைத்துனனும் இல்லை. மேஸ்திரியின் உறவு வட்டத்துக்கு வெளியே நின்ற அவனுக்கு, வேலைநிறுத்தம் ஒன்றே கதவைத் திறந்தது. இது அவன் செயலை நியாயப்படுத்தாது, ஆயின் விளங்கவைக்கும்.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்ததையும் இங்கே ஒப்பிடலாம். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காக 1918 ஏப்ரலிற் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா, செல்வபதி செட்டியார், திரு. வி. க. போன்றோர் முன்னின்றனர். 1921இன் பெரும் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். எம். சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அதனைத் தொழிலாளர் ஒற்றுமைக்கு இழைத்த துரோகம் என்று மாத்திரம் எழுதியோர் உளர். சேரியில் வாழ்ந்து, கூலி நின்றால் மறுநாள் அடுப்பெரியாத அம்மக்களிடம், சாதி இந்துக்கள் தலைமை தாங்கிய சங்கம் எத்துணை நெருங்கிப் போயிருந்தது என்பதை அவர்கள் கேட்கவில்லை. அங்கே சாதியைப் பயன்படுத்திய முதலாளி இங்கே இனத்தைப் பயன்படுத்தினான். இரண்டிடத்தும் கைப்பிடி ஒன்றுதான்: யாரை வேலைக்கு எடுப்பது என்னும் அதிகாரம். கூலியைப் பற்றிப் போராடிய சங்கங்கள், வேலைக்கு எடுக்கும் அதிகாரத்தைப் பற்றிப் போதிய அளவு போராடவில்லை என்பதே என் கருத்து. உள்ளே இருப்பவனுக்கு மாத்திரம் சங்கம் அமைத்தால், வெளியே நிற்பவன் எதிரிக்கு இரவல் கொடுக்கப்பட்ட படையாவான்.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை விலக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. ஆகஸ்ட் முதலாம் நாள் தொட்டு இந்திய அரசு கூலியாட்கள் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எஞ்சியதைச் செய்து முடித்தது. ஆலை வாயிலில் ‘நீ போ’ என்று நீண்ட விரல், பதினைந்தாண்டுகளுட் பாராளுமன்றத்திலிருந்து நீண்டது.

கொல்வினைப் பற்றியும் ஒரு சொல். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என எச்சரித்தவர் அவர். 1972இற் குடியரசின் அரசியலமைப்பை வரைந்த அமைச்சரும் அவரே. அதிற் சிங்களம் அரசகரும மொழியாக நிலைபெற்றது, பௌத்தம் முதன்மையிடம் பெற்றது. வெள்ளவத்தை வாயிலில் நின்ற இளைஞனையும் இந்த அமைச்சரையும் ஒருவராக எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த ஆலையில் அவரை நம்பி வெளியே வந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர், வாக்குரிமை இல்லாதவராகவே அந்த நாளைக் கண்டிருப்பர், அல்லது அதற்குமுன் கப்பலேறியிருப்பர்.

இப்போது மேஸ்திரி இல்லை என்று மாணவர் சொல்வர். 1978இற் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் திறந்தது முதல் அங்கே ஆடை தைக்கும் ஆலைகள் வளர்ந்தன. அவ்வாலைகளுக்கு நாளாட்களை வழங்கும் தரகருக்கு இன்று ‘மேன்பவர்’ என்று பெயர். விடியற்காலையில் வீதியோரத்தில் ஆணும் பெண்ணும் கூடி நிற்கின்றனர். வான் வருகின்றது, எண்ணி ஏற்றுகின்றனர். எந்த ஆலைக்குப் போகின்றோம் என்பது சிலருக்கு இறங்கும்போதே தெரியும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேரவேண்டிய சேமலாப நிதியைக் கேட்டால், ஆலை தரகரைக் காட்டுகின்றது, தரகர் ஆலையைக் காட்டுகின்றார். மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த தமிழ்ப் பிள்ளைகளும், மொனராகலையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் அந்த வானில் அருகருகே அமர்ந்து செல்கின்றனர். அவர்களுள் என்னிடம் படித்த ஒருத்தியும் இருக்கின்றாள்.