பல்லில் இருப்பது பூச்சியா? – ஒரு பழைய நம்பிக்கையின் வரலாறு



கன்னத்தைக் கையில் தாங்கியபடி வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனைக் காணாத ஆசிரியர் நம்மில் இலர். என்னவென்று கேட்டால், "பூச்சிப் பல் டீச்சர்" என்பான். வீட்டில் சொன்னாயா என்றால், "பால் பல்லுதானே, தானா விழுந்துடும்னு அம்மா சொன்னாங்க" என்பான். இவ்விரண்டு விடைகளுமே பிழையானவை. முதல் பிழைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு உண்டு.

பல்லைப் புழு தின்கிறது என்ற நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பண்டைய பாபிலோனியக் களிமண் ஏடு ஒன்றில், பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குடியிருக்க இடம் கேட்கும் புழுவின் கதை உள்ளது. சீனரும் சொத்தைப் பல்லைப் 'புழுப் பல்' என்றே வழங்கினர். ஐரோப்பாவில் மூலிகைப் புகையை வாயில் செலுத்திப் புழுவை விரட்ட முயன்றார்கள். காரணம் புழு என்றால், அது வந்த பின்னர் விரட்டலாம்; இல்லையேல் பல்லைப் பிடுங்கலாம். வருமுன் காக்க வழியே இல்லை. இந்த நம்பிக்கையின் உண்மையான தீங்கு இதுதான்.

1728ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் தமது பெருநூலில் இந்நம்பிக்கையை மறுத்தார். நுண்ணோக்கியில் தேடிப் பார்த்தும் புழு எதையும் தாம் காணவில்லை என்றார். இனிப்புப் பண்டங்கள் பல்லுக்குக் கேடு என்றும் எச்சரித்தார். பின்னர், பெர்லின் நகரில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லொபி மில்லர், 1890இல் வெளிவந்த நூலில் காரணத்தை விளக்கினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்கின்றன. அதனால் உண்டாகும் அமிலம் பல்லைக் கரைக்கிறது. பல்லைத் தின்னும் புழு என்று ஒன்று இல்லவே இல்லை!

சர்க்கரையை எவ்வளவு உண்கிறோம் என்பதை விட எப்போது, எத்தனை முறை உண்கிறோம் என்பது முக்கியம் என்ற உண்மை 1940களின் பிற்பகுதியில் சுவீடனில் தெரிய வந்தது. அது தெரிய வந்த விதம் வேதனைக்குரியது. விப்பெஹோல்ம் என்னும் மருத்துவமனையில் இருந்த மனவளர்ச்சி குன்றியோருக்கு, அவர்தம் இசைவைப் பெறாமலேயே ஒட்டும் மிட்டாய்களை நாள்தோறும் கொடுத்துச் சோதித்தார்கள். பலருடைய பற்கள் பாழாயின. உணவோடு சர்க்கரை உண்டவர்க்குச் சொத்தை குறைவு. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்க்கோ மிகுதி. இம்முடிவுகள் 1954இல் வெளியாயின. பேச இயலாத மனிதர்கள் விலை கொடுத்துத் தந்த பாடத்தை நாம் மறப்பது முறையன்று.

நம் மண்ணில் நடந்தது என்ன? முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது நியூசிலாந்து இளைஞர் பலரின் பற்கள் மிக மோசமாக இருந்தன. ஆகவே, தாமஸ் ஹண்டர் என்பவரின் முயற்சியால் 1921இல் வெலிங்டனில் பல் தாதியர்க்குப் பயிற்சி தொடங்கியது. வலி வரும்வரை காத்திராமல், பள்ளியிலேயே பிள்ளைகளின் வாயைப் பார்ப்பது அவர்களுடைய பணி. அம்முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி உருவானது. இன்றும் பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழு அந்த மரபின் தொடர்ச்சியே. மேலும், 1958 முதல் சிங்கப்பூர் முழுவதும் குடிநீரில் ஃபுளூரைடு சேர்க்கப்பட்டது. மலேசிய அரசு 1972இல் அதனை நாடு தழுவிய திட்டமாக ஏற்றது.

இத்தனைக்குப் பிறகும் 'பூச்சிப் பல்' நம் வகுப்பில் ஏன் அமர்ந்திருக்கிறது? நாம் இன்னும் கரும்புள்ளியையும் வலியையும் எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறோம். சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை, வெள்ளையாகத் தொடங்குகிறது. ஈறை ஒட்டிய இடத்தில், சுண்ணக்கட்டியால் தடவியதுபோல் பளபளப்பற்ற வெள்ளைக் கோடு தோன்றும். அமிலத்தால் பல்லின் தாது கரையத் தொடங்கிய அடையாளம் அது. அந்நிலையில் குழி இல்லை, வலியும் இல்லை. உமிழ்நீரும் ஃபுளூரைடும் இழந்த தாதுவைத் திரும்பச் சேர்க்க முடியும். குழி விழுந்துவிட்டால் பல் தானாக நிரம்பாது.

பெற்றோர் செய்யத்தக்கவை சில:

1. மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, முன்பற்களைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக் கோடு தென்பட்டால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்க விடாதீர்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

3. ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை நீங்களே துலக்கி விடுங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும்.

4. இனிப்பை உணவு வேளையோடு நிறுத்துங்கள். இனிப்புப் பானத்தை நாளெல்லாம் சிறிது சிறிதாக உறிஞ்சுவது பல்லை ஓயாது அமிலத்தில் நனைப்பதாகும்.

இறுதியாக அந்தப் 'பால் பல்லுதானே' என்ற சொல். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றுக்குப் பின்னால், ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. முதலாம் ஆண்டு மாணவனின் வாயில் அமைதியாக முளைக்கும் அப்பல்லையும் பால் பல் என்றே பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். அது போனால் மறுபடி முளைக்காது.

அடுத்த முறை ஒரு பிள்ளை "பூச்சிப் பல்" என்று சொன்னால், "பூச்சி இல்லை கண்ணா" என்று தொடங்குங்கள். அதுவே அன்றைய நல்ல பாடமாக அமையும்.