பவளத்துக்குப் பெயர் வைத்தவர்கள்

பவள இனம் ஒன்றின் அறிவியல் பெயரை முழுமையாக எழுதினால், கடைசியில் ஒரு மனிதரின் பெயரும் ஓர் ஆண்டும் வரும். அந்த இனத்தை முதலில் விவரித்து எழுதியவர் அவர். லின்னேயஸ், லமார்க், எஸ்பர், எரன்பெர்க், டானா என்று நீளும் அந்தப் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எனக்கு வரும்: இதில் பெண்கள் எங்கே?

நமக்கு அருகில் உள்ள மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்ளலாம். மண்டபத்திலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சி. எஸ். கோபிநாத பிள்ளை, 1960களின் பிற்பகுதியில் அங்கிருந்து புதிய பவள இனங்களை விவரித்தார். மாண்டிபோரா மனோலியென்சிஸ் அவற்றில் ஒன்று. மனோலித் தீவின் பெயர் அதில் இருக்கிறது.

இந்த வேலை எளிதல்ல. பவளத்தின் சதையை நீக்கி, சுண்ணாம்புக் கூட்டை வெளுக்கவைத்து, உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். பாலிப்புகள் குடியிருந்த குழிகளின் அளவு, குழிக்குள் நிற்கும் தடுப்புகள், குழிகளுக்கு இடையே உள்ள முண்டுகள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் ஒரு வடிவமும் அமைதியான நீரில் வேறு வடிவமும் எடுக்கும். அதனால் பழைய மாதிரிகளோடு ஒப்பிடாமல் எதையும் புதிது என்று சொல்லிவிட முடியாது. பழைய மாதிரிகளில் பலவும் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆக, பெயர் வைக்க அறிவு மட்டும் போதாது. படகு, ஆய்வகம், நூலகம், வேலை, சம்பளம் எல்லாம் வேண்டும். இவை பெண்களுக்கு மிகத் தாமதமாகவே கிடைத்தன.

இங்கிலாந்தின் அன்னா தின் 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குள்ளேயே பல ஆண்டுகள் உயிரோடு வளர்த்தார். அவை பெருகும் விதம் பற்றி அவர் எழுதியது 1859இல்தான் அச்சேறியது. நீரில் காற்று கலக்க வேண்டும் என்பதற்காக, அதைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் முக்கால் மணி நேரம்வரை ஊற்றிக்கொண்டே இருந்தவள் அந்த வீட்டு வேலைக்காரச் சிறுமி. கட்டுரையில் அவளுக்கு இடம் உண்டு, பெயர் இல்லை. அறிவியலில் பெண் விடுபட்டாள் என்று சொல்லும்போது, எந்தப் பெண் என்றும் கேட்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியவள் அவள்.

மன்னார் வளைகுடாவிலும் இதே கேள்வி நிற்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறைகளாக அங்கே உண்டு. 1986இல் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அதே பெண்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கருவியால் சுரண்டுவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. பவளத்தைக் கையால் அறிந்தவர்களைப் பற்றிய விருது அது. அவர்கள் அறிந்தது ஆய்வேடுகளில் ஏறியதா என்பது வேறு கேள்வி.

குமரி மாவட்டத்துக்காரியான எனக்கு 1995ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று முக்கியம். 'முன்னாள் திருவிதாங்கூர்க் கரையின் பவளங்கள்' பற்றியது. 1949 ஜூலை 1 வரை திருவிதாங்கூராக இருந்த கரையில் எங்கள் கரையும் சேர்த்தி. அதை எழுதியவர்கள் கோபிநாத பிள்ளையும் ஜாஸ்மினும். தீவும் திட்டும் இல்லாத எங்கள் கடலில், பாறைகளில் ஒட்டி வளரும் பவளங்களுக்கு ஒரு வரிசை கிடைத்தபோது, ஒரு பெண்ணின் பெயரும் ஆசிரியர் வரியில் இருந்தது.

அருங்காட்சியக மாதிரியோடு கட்டும் சீட்டில் 'சேகரித்தவர்' என்று ஒரு வரி உண்டு. கடல் உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் பெயரை ஆசிரியர் வரியில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பார் எங்கே இருக்கிறது என்று காட்டிய பெண்ணின் பெயரைச் 'சேகரித்தவர்' வரியில் எழுதுங்கள்.