நிவராக்ஸ்

பழைய கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் சொல். கேட்டால் ஏதோ மாத்திரையின் பெயர்போல இருக்கும். ‘நிஷ்ட் வாரியாபெல் ஆக்சிட்ஃபெஸ்ட்’ என்ற ஜெர்மன் தொடரைச் சுருக்கி வைத்த பெயர் இது: மாறாதது, துருவேறாதது என்று பொருள். பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்குக்காக ரைன்ஹார்ட் ஸ்ட்ராவ்மன் 1930களில் உருவாக்கிய உலோகக் கலவை.

எது மாறாதது? மீள்விசை. எஃகுச் சுருள் சூட்டில் தளரும், கடிகாரம் பின்தங்கும். அதை ஈடுகட்டத்தான் பித்தளையையும் எஃகையும் இணைத்து, விளிம்பில் இரண்டு இடத்தில் வெட்டுவிட்ட பாலன்ஸ் சக்கரம் வந்தது. நிவராக்ஸுக்கு முன்பே ‘எலின்வார்’ உண்டு. 1920இல் இயற்பியல் நோபல் பெற்ற கியோம் தந்தது. அதுவும் சுருக்கப் பெயர்தான்: பிரெஞ்சில் ‘மாறாத மீள்திறன்’. ஹாமில்டன் கம்பெனி தன் ரயில்வே கடிகாரங்களின் தகட்டிலேயே அந்தப் பெயரைப் பொறித்தது.

இத்தகைய கலவைச் சுருளுக்கு வெட்டுவிட்ட சக்கரத்தின் ஈடு தேவையில்லை. ஆகவே, சுருள் எந்த உலோகம் என்று அறிய, லூப் என்ற உருப்பெருக்கியை மாட்டியதும் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். வெட்டுவிட்ட விளிம்பும் நீலச் சுருளும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் எஃகு. ஈரம் பட்டிருந்தால் துருவின் செம்புள்ளியும் தெரியும். வெட்டில்லாத முழு விளிம்பும் வெளிறிய சுருளும் என்றால் பெரும்பாலும் இத்தகைய கலவை உலோகம். விளிம்பில் திருகுகள் இருப்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள்; வெட்டில்லாத சக்கரத்திலும் அவை உண்டு.

பக்கவாட்டில் பார்க்கும்போது கடைசிச் சுற்று மேலே ஏறி உள்ளே வளைந்திருந்தால் அது பிரெகே சுருள். அது வடிவத்தின் பெயர். எந்த உலோகத்திலும் வரும்.